கொழும்பு என்ற பெயருக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள்?

கொழும்பிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் சேவை வழங்கும் நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கும், அங்கே சம்பளம் தீர்மானிக்கும் மனிதவளப் பிரிவினருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

பதினொரு வருடங்களாக இந்த நகரத்தில் கிளவுட் பொறியியலாளராக வேலை செய்கிறேன். நிறுவனங்கள் இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளான சேர்வர்களை ஓட்டிப் பராமரிப்பது என் வேலை. படித்தது யாழ்ப்பாணத்தில், பட்டம் பெற்றது மொறட்டுவையில், வாடகைக்கு இருப்பது வெள்ளவத்தையில். நான் பார்த்துக்கொள்ளும் சேர்வர்களில் ஒன்றுகூட இந்தத் தீவில் இல்லை. பெரும்பாலானவை சிங்கப்பூரில், மீதி மும்பாயில்.

சென்ற சம்பள மீளாய்வின்போது எதிரே இருந்த மனிதவள அதிகாரி மடிக்கணினியைப் பார்த்தபடி சொன்னார்: "உலக அட்டவணையில் உங்கள் தரத்துக்கு இந்தத் தொகை. கொழும்புக்கான விகிதத்தைப் போட்டால் இந்தத் தொகை." இரண்டுக்கும் நடுவே பெரும் பள்ளம். உலகச் சம்பளத்தை ஊரைப் பார்த்துக் குறைக்கும் எண்தான் அந்த விகிதம். அந்த விகிதம் எப்படி வந்தது என்று கேட்டேன். தலைமையகம் தருவது என்றார். வாடகையைக் கணக்கில் எடுத்தார்களா, வரியை எடுத்தார்களா, எந்த வருடத்து டொலர் விலையில் போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் மாத வருமானத்தைத் தீர்மானிக்கும் ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் இருந்த இருவருக்குமே தெரியாது. அன்று இரவே இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் தொழிலில் இடத்துக்கு ஏற்ப விலை மாறுவது புதிதல்ல. ஒரே அளவான சேர்வரை அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு ஒரு விலை. சிங்கப்பூரில் அதைவிடக் கூட. பிரேசிலின் சாவோ பாலோவில் இன்னும் கூட. நிலம், மின்சாரம், கண்ணாடி இழை இணைப்பு, அந்தந்த நாட்டு வரி ஆகியவை அந்த விலைக்குள் அடக்கம். அந்த விலைப்பட்டியலை யாரும் பார்க்கலாம். மணிக்கு எத்தனை டொலர் என்பதைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை போட்டிருப்பார்கள். ஊரில் செலவு கூடினால் சேர்வரின் விலையிலும் அது தெரியும். உங்கள் வாடிக்கையாளரும் அதைக் கட்டுவார். அந்தச் சேர்வரை நள்ளிரவில் எழுந்து பழுது பார்க்கும் மனிதருக்கு மட்டும் ஊர் என்பது கழிப்பதற்கு ஒரு காரணமாகவே இருக்கிறது. கொழும்பு மலிவு என்பதைக் கணக்கில் எடுக்கிறீர்கள். கொழும்பில் எதெது மலிவில்லை என்பதை எடுப்பதில்லை.

இடத்தைப் பார்த்துச் சம்பளம் போடவே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. போடுவதென்றால் இடத்தை முழுதாகப் பாருங்கள், பார்த்த கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் 400,000 ரூபா. இது என் சம்பளமல்ல; கணக்கு விளங்குவதற்காக எடுத்த தொகை. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வருமான வரிப்படி, முதல் 150,000 ரூபாவுக்கு வரி இல்லை. அடுத்த 83,333 ரூபாவுக்கு 6 சதவீதம். அதன்பின் 41,667 ரூபாவாக மூன்று படிகள்: 18, 24, 30 சதவீதம். 358,333 ரூபாவைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் 36 சதவீதம். கூட்டினால் மாத வரி 50,000 ரூபா. முழுச் சம்பளத்துக்கும் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டப்படுமானால் அதில் ஊழியரின் பங்கான 8 சதவீதம் 32,000 ரூபா. வங்கிக் கணக்கில் விழுவது 318,000 ரூபா. வேலைக்கு எடுக்கும்போது நீங்கள் சொல்லும் எண்ணுக்கும் 25ஆம் திகதி வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் உள்ள எண்ணுக்கும் இடையே 82,000 ரூபா.

இதே 400,000 ரூபாவுக்கு 2021இல் வரி வெறும் 9,000 ரூபா. அப்போது மாதம் 250,000 ரூபா வரை வரி இல்லை. அதன் மேல் 6 சதவீதத்தில் தொடங்கியது. 2023 ஜனவரியில் வரம்பு 100,000 ரூபாவுக்கு இறங்கி, படிகள் 36 சதவீதம் வரை ஏறின. அதே சம்பளத்துக்கு வரி 70,500 ரூபாவானது. 2025 திருத்தம் அதை 50,000க்குக் கொண்டுவந்திருக்கிறது. அதாவது நான்கு வருடங்களுக்குள் ஒரே மனிதரின் ஒரே சம்பளத்துக்கான வரி 9,000, 70,500, 50,000 என்று ஏறி இறங்கியிருக்கிறது. இந்தக் காலம் முழுவதும் அசையாமல் நின்ற ஒரே எண் உங்கள் கொழும்பு விகிதம்தான் என்று நான் நினைக்கிறேன். அசைந்திருந்தால் யாராவது எங்களுக்குச் சொல்லியிருப்பீர்கள்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இந்தியாவின் புதிய வரி முறையில் 2025 ஏப்ரல் முதல் மாதச் சம்பளக்காரர் ஆண்டுக்கு 12.75 இலட்சம் இந்திய ரூபா வரை வருமான வரி கட்டுவதில்லை. எங்கள் பணத்தில் அது மாதம் மூன்றரை இலட்சத்துக்கு மேல். கொழும்பில் 350,000 ரூபா வாங்குபவர் மாதம் 32,500 ரூபா வரி கட்டுகிறார். மைக்ரோசொஃப்ட்டின் ஒரு தரவு மையப் பிராந்தியம் சென்னையில் இருக்கிறது. அமேசானுக்கு மும்பாயிலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன. உங்கள் தலைமையக அட்டவணையில் சென்னையும் கொழும்பும் 'தெற்காசியா' என்ற ஒரே பெட்டிக்குள் கிடக்குமானால், அந்தப் பெட்டி வரி என்ற ஒன்றைப் பார்க்கவே இல்லை. துபாயில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. என்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது அங்கே இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் ஒரு கையின் விரல்கள் போதாது.

இனி எனக்கு மிகவும் வலிக்கிற விடயத்துக்கு வருகிறேன்.

என் குழுவில் யாழ்ப்பாணத்து நெல்லியடியிலிருந்து வந்த ஓர் இளம் பெண் பொறியியலாளர் இருந்தார். மூன்று பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வெள்ளவத்தையில்தான் தங்கியிருந்தார். ஒரு மாலை என் மேசைக்கு வந்து, "அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு கடிதத்தை வைத்தார். வேறொரு நிறுவனத்திலிருந்து வந்த அழைப்பு. வேலை இங்கே, அலுவலகம் இங்கே, மேலாளரும் இங்கே. ஒப்பந்தம் மட்டும் வெளிநாட்டிலுள்ள தாய் நிறுவனத்தோடு. அவர் ஊழியர் அல்ல, சுயாதீனச் சேவை வழங்குநர். பணம் டொலரில் வரும். "கையில் கூட வரும் என்று சொல்கிறார்கள். சரிதானே அக்கா?"

சரிதான், கையில் கூடத்தான் வரும். வெளிநாட்டவருக்குச் சேவை வழங்கி, வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியே பெறும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச வரி 15 சதவீதம். 400,000 ரூபாவுக்குச் சமமான டொலருக்கு அவர் கட்டவேண்டியது 30,000 ரூபா, மிஞ்சுவது 370,000. ஊழியராக இருந்தால் கைக்கு வருவதைவிட 52,000 ரூபா அதிகம். இருபத்தாறு வயதில், ஊரில் அப்பாவின் மருந்துச் செலவு தலைமேல் இருக்கும்போது, 52,000 ரூபா சிறிய தொகையல்ல.

ஒரு வெற்றுத் தாளை எடுத்து மற்றப் பக்கத்தையும் எழுதிக் காட்டினேன். ஊழியராக இருந்தால் சேமலாப நிதிக்கு அவருடைய 32,000, நிறுவனத்தின் 12 சதவீதமாக 48,000, இன்னொரு சேமிப்பான ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நிறுவனம் கட்டும் 3 சதவீதமாக 12,000. மாதம் 92,000 ரூபா அவர் பெயரில் சேர்கிறது. ஒப்பந்தத்தில் அது பூச்சியம். கையில் 52,000 கூடுகிறது. கண்ணில் படாத இடத்தில் 92,000 குறைகிறது. அதோடு ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கும் பணிக்கொடை இல்லை, 84 நாள் மகப்பேற்று விடுமுறை இல்லை, ஒரு மாத அறிவித்தலுக்குமேல் எந்தப் பிடிமானமும் இல்லை. வங்கிக்குப் போய் வீட்டுக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு எங்கே என்பார்கள்.

அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்போது எனக்குக் கைக்காசுதான் அக்கா வேண்டும்" என்றார். போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிறுவனம் தன் மாதச் செலவில் 60,000 ரூபாவை மிச்சம் பிடித்துக்கொண்டு, அதை அந்தப் பெண்ணுக்குச் செய்யும் உபகாரமாகச் சொல்லியிருக்கிறது. மிச்சம் பிடித்ததில் பாதியையாவது அந்தத் தொகையோடு சேர்த்திருந்தால் நான் இவ்வளவு கோபத்தோடு எழுதமாட்டேன்.

இதில் அரசாங்கத்தின் பங்கும் இருக்கிறது. ஒரே டொலர் நாட்டுக்குள் வருகிறது. சேவை ஏற்றுமதி இலாபமாக உங்கள் நிறுவனத்தின் கணக்கில் நின்றால் அதற்கு வரி 15 சதவீதம். சுயாதீனமாக வேலை செய்பவரின் கையில் விழுந்தால் அங்கும் உச்சம் 15. அதை உழைத்துத் தந்த ஊழியரின் சம்பளமாக மாறினால் மட்டும் 36 வரை. சம்பளம் ஏற ஏற இந்த இடைவெளி அகலமாகிறது: மாதம் 800,000 ரூபா என்றால் ஊழியருக்கு வரி 194,000, சுயாதீனருக்கு 90,000. சுயாதீனர்களின் வரியைக் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரவிரவாகத் தனியே உழைத்து டொலர் கொண்டுவரும் அவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். ஆனால் உங்கள் சங்கங்கள் நிதி அமைச்சின் படியேறும்போது நிறுவன வரியைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஊழியரின் வரியைப் பற்றிப் பேசியதாக நான் அறியவில்லை. அடுத்த முறை பேசுங்கள். எங்களுக்காக மட்டுமல்ல; மூத்த பொறியியலாளர்கள் விமானம் ஏறுவது அந்த 36 சதவீதப் படியில்தான்.

வாழ்க்கைச் செலவுக்கு வருகிறேன். மீளாய்வில் எனக்குச் சொல்லப்பட்ட இன்னொரு காரணம், "பணவீக்கம் மறை எண்ணுக்குப் போயிருக்கிறது, ஆகவே இந்த வருடம் உயர்வு குறைவு" என்பது. 2024 செப்டெம்பரிலிருந்து பல மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சுட்டெண்ணின் பெயரே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். உங்கள் விகிதத்துக்கு வேண்டிய தகவலை ஒரு திணைக்களம் மாதாமாதம் இந்த நகரத்தின் பெயரிலேயே வெளியிடுகிறது. அதை முழுதாகப் படியுங்கள். 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தைய செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு நிரம்பிய கூடைக்கு அந்த மாதம் ஏறக்குறைய 170 ரூபா. பிறகு வந்த சிறு இறக்கங்கள் அதை 100க்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அது 170ஐச் சுற்றியே நின்றது. விலை ஏறுவது நின்றுவிட்டதை விலை இறங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு எங்கள் உயர்வை வெட்டினீர்கள்.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறியது. பிறகு குறைந்தது, மீண்டும் கொஞ்சம் ஏறியது. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது, எங்கள் வீட்டில் காலைச் சம்பலுக்குப் பாதித் தேங்காய், மறுநாளுக்கு மறுபாதி என்று எடுத்து வைத்தோம். நல்ல சம்பளக்காரர் என்று ஊரில் பெயரெடுத்த வீட்டில் இது நடந்தது. தேங்காய்கூட வாங்க முடியாதவர்கள் இதே ஒழுங்கையில் இருக்கும்போது நான் முறையிடுவது பொருந்துமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்களுடைய துன்பம் பெரியது. அதற்காக உங்கள் கணக்கு சரியாகிவிடாது.

வாடகை வேறு கதை. எங்களுடைய இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 95,000 ரூபா, ஆறு மாத முற்பணத்தோடு. பராமரிப்புக் கட்டணம் தனி. கடலுக்கு அருகில் என்பதால் இரும்பு எல்லாம் துருப்பிடிக்கிறது, குளிரூட்டி அடிக்கடி பழுதாகிறது. தூரமாகப் போனால் மலிவு என்பீர்கள். போகலாம். ஆனால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி ஆகும்போது எங்களுக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. கூட்டம் முடிய ஒன்பது, சில நாட்களில் பத்து. அந்த நேரத்தில் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் பஸ்ஸை நம்பியிருக்க முடியாது; கைத்தொலைபேசியில் வாகனம் அழைத்துத்தான் போகவேண்டும். மலிவான வாடகையில் மிஞ்சுவது அதற்கே சரி. கொழும்பு விகிதம் போட்டவர் கொழும்பு நேரத்தையும் போட்டாரா?

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போன நாட்களில், நான் ஒரு மின்கல இன்வேர்ட்டரை என் சேமிப்பிலிருந்து வாங்கினேன். அது இன்னும் வரவேற்பறையில் இருக்கிறது. ஓர் அதிகாலை மின்சாரம் இல்லை. ரூட்டரின் பச்சை விளக்கும் மடிக்கணினியின் திரையும் தவிர வீடெங்கும் இருட்டு. சிங்கப்பூரிலிருந்த ஒரு தரவுத்தளம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மகன் எழுந்துவிடக்கூடாது என்று குசினித் தரையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஆனால் அந்த இரவில் அவர்களுடைய சேவையைத் தாங்கியது நான் வாங்கிய மின்கலம். அதன் விலை எந்த அட்டவணையிலும் இல்லை.

டொலரில் விலை போட்டவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். அமேசானின் கிளவுட் சேவைக்கான இடைநிலைச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு 150 டொலர், உயர்நிலைக்கு 300. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. ரூபாவின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்ட பின் மே மாதத்தில் 360. பிறகு 300க்குக் கிட்ட இறங்கி நின்றது. 30,000 ரூபாப் பரீட்சை இரண்டே மாதத்தில் 54,000 ஆகி, பிறகு 45,000இல் நின்றது. அந்தச் சான்றிதழ்களைக் காட்டித்தான் நீங்கள் வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் எடுக்கிறீர்கள். பரீட்சைக்குக் கொழும்பு விலை கிடையாது, மடிக்கணினிக்கும் கிடையாது. அந்த நாட்களில் சில நிறுவனங்கள் சம்பளத்தின் ஒரு பங்கை டொலரோடு பிணைத்தன. அவர்களுக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். பலருடைய குடும்பம் அதனால்தான் தாக்குப்பிடித்தது.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவுக்குள்ளேயே டெக்சாஸிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிபோர்னியாவில் மேல்படி 13.3 சதவீதம். ஆகவே அங்கேயும் சம்பளத் தொகையை மட்டும் வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிட முடியாது. கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் இடக்காரணியை, அதாவது ஊருக்கேற்ற ஒரு விகிதத்தை, வைத்துச் சம்பளம் போடுகிறது. ஆனால் அந்த முறையை வெளிப்படையாக எழுதி வைத்தது. 37சிக்னல்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம், ஊழியர் எந்த ஊரில் இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ சம்பளம் என்கிறது. இரண்டுக்கும் நியாயங்கள் உண்டு. இரண்டாவது வழியை நீங்கள் எடுப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலாவதை எடுக்கலாம்.

வரும் ஏப்ரலில் சம்பளக் கடிதங்கள் வழங்கும்போது ஒரு பக்கத்தைக் கூடுதலாக இணையுங்கள். கொழும்பு விகிதம் எத்தனை, எந்த மாதத்து விலைச் சுட்டெண்ணிலும் எந்த டொலர் விலையிலும் கணக்கிட்டது, வரியும் சேமலாப நிதியும் போக ஊழியரின் கைக்கு வருவது எவ்வளவு என்பவை அதில் இருக்கட்டும். புதிதாக வேலைக்கு எடுக்கும்போதும் அந்தக் கைத்தொகையையே முதலில் சொல்லுங்கள். ஒப்பந்த முறையை நீட்டுவதானால், நிறுவனம் மிச்சம் பிடிக்கும் 15 சதவீதத்தை (சேமலாப நிதி 12, நம்பிக்கை நிதி 3) தொகையோடு சேர்த்துத் தாருங்கள், அல்லது அந்த முறையை விட்டுவிடுங்கள். இரவுக் கடமைக்குரிய பயணச் செலவும் மின்கலமும் பரீட்சைக் கட்டணமும் நிறுவனத்தின் செலவுகள். எங்கள் பைகளிலிருந்து அவற்றை எடுத்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்தைத் தயாரிக்க ஓர் ஆள் ஒரு நாள் வேலை செய்தால் போதும். எண்களில் ஏதேனும் ஐயம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நெல்லியடிப் பெண்ணுக்காக அன்று கணக்கெழுதிய தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதோடு வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிளவுட் பொறியியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6